ஏர்வாடிக்குப் பின் வந்த சட்டம்: மனநோயிலிருந்து மீண்டவருக்கு என்ன உரிமை?

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநோயாளிகள் காப்பகம் தீப்பிடித்து 28 மனநோயாளிகள் இறந்தார்கள். சங்கிலியில் பூட்டி வைத்திருந்ததால் ஓட வழியில்லை. எங்கள் கடற்கரையில் இன்றும் மனநோய் என்ற பேச்செடுத்தால் அந்த நாள்தான் நினைவுக்கு வரும்.

2017இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியில் கட்டக் கூடாது என்கிறது அதன் 95ஆம் பிரிவு. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கும் வீடில்லாதவருக்கும் அரசு சிகிச்சை இலவசம். அதற்கான அட்டை கையில் இல்லாவிட்டாலும் கொடுத்தாக வேண்டும். குணமாக வேண்டி ஏர்வாடி தர்காவுக்கு வருபவர்கள் துஆவை (பிரார்த்தனையை) விட வேண்டியதில்லை. அங்கேயே அரசு மனநல சிகிச்சையும் கிடைக்கிறது.

சரி, மாத்திரை சாப்பிட்டு ஆள் தெளிந்துவிட்டார். அப்புறம்? பலரும் தடுமாறுவது இங்கேதான். நேற்றுவரை கூட வலை இழுத்தவரை இன்று போட்டில் ஏற்றத் தயங்குகிறார்கள். பெண் என்றால் கடல்பாசி எடுக்கப் போகும்போது யாரும் கூப்பிடுவதில்லை. வீட்டிலும் ஒரு மூலைதான். நோயைவிட இது ஆளை அதிகம் உடைக்கிறது என்றே எனக்குப் படுகிறது.

ஆகவே எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது அந்த மனநலச் சட்டத்தின் 19ஆம் பிரிவு. மனநோய் உள்ளவருக்கும் ஊரோடு சேர்ந்து வாழும் உரிமை உண்டு. வீட்டார் ஏற்கவில்லை, போக இடமில்லை என்பதற்காக மட்டும் ஒருவரைக் காப்பகத்திலேயே வைத்திருக்கக் கூடாது. குடும்பம் கைவிட்டால், குடும்ப வீட்டில் வாழும் உரிமையை அவர் பெறுவதற்குச் சட்ட உதவி உட்பட ஆதரவு தரும் பொறுப்பு அரசுக்கு. இலவச சட்ட உதவிக்கு 15100 எண்ணில் கூப்பிடலாம்.

அடுத்தது மாற்றுத்திறனாளி சான்றிதழ். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைக் குறைபாடுகளில் மனநோயும் ஒன்று. 'பைத்தியம் என்று முத்திரை விழுந்துவிடும்' என்று பயந்து பல அம்மாக்கள் பிள்ளைக்கு இதை வாங்குவதில்லை. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் வாங்குங்கள். தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்கிறாரா, மற்றவர்களோடு எப்படிப் பழகுகிறார், பேசினால் புரிந்துகொள்கிறாரா, வேலைக்குப் போக முடிகிறதா, எத்தனை வருடமாக நோய் இருக்கிறது என்று பார்த்துத்தான் டாக்டர்கள் சதவீதம் போடுவார்கள். அதனால் பழைய சிகிச்சைச் சீட்டுகளை எறிந்துவிடாமல் ஆதாரோடு எடுத்துப் போங்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் அரசு வேலைக்கான 4 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கேட்கலாம். அதில் 1 சதவீதம் மனநோய், ஆட்டிசம் உள்ளிட்ட பிரிவுகளுக்குச் சேர்த்து வைக்கப்பட்டது. மற்ற உதவிகளுக்குக் கலெக்டர் அலுவலகத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள்.

மருத்துவக் காப்பீட்டிலும் உடல் நோய்க்கு ஒரு கணக்கு, மனநோய்க்கு ஒரு கணக்கு என்று பிரிக்கக் கூடாது என்கிறது மனநலப் பராமரிப்புச் சட்டம்.

கடைசியாக ஒன்று. நோய் திரும்பி வந்தால் தன் சார்பில் யார் பேசவேண்டும் என்பதை மீண்டவரே முடிவு செய்யலாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும். அண்ணனாக இருக்கலாம், மனைவியாக இருக்கலாம், கூடத் தொழிலுக்குப் போகும் நண்பராகவும் இருக்கலாம். மனம் தெளிவாக இருக்கும்போதே எழுதி வையுங்கள். ராத்திரியில் தூக்கம் போய்ப் பழைய பயம் தலைகாட்டினால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 14416 அரசின் இலவச மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம்.