மிகையுந்தல், திரிபு, பிசிறு: கிட்டார் ஒலியின் மூன்று சொற்கள்

எலெக்ட்ரிக் கிட்டார் பழகத் தொடங்கியவர் சில மாதங்களில் ஒரு கேள்வியில் வந்து நிற்பார். காலால் மிதித்துக் கிட்டார் ஒலியை மாற்றும் சின்னப் பெட்டிக்குப் பெடல் என்று பெயர்; முதல் பெடல் ஓவர்டிரைவா, டிஸ்டார்ஷனா, ஃபஸ்ஸா? விவரம் தெரிந்தவர்களைக் கேட்டால் ஒரு படிக்கட்டைக் காட்டுவார்கள். கொஞ்சம் கரகரப்பு போதுமென்றால் ஓவர்டிரைவ், நிறைய வேண்டுமென்றால் டிஸ்டார்ஷன், கட்டுக்கடங்காமல் வேண்டுமென்றால் ஃபஸ். அந்தப் படிக்கட்டை நம்பி நேராக உச்சிப்படிக்கு ஏறியவன் நான். ஃபஸ் பெடலை மிதித்து, ஆறு கம்பியையும் சேர்த்து ஒரு முழு மேஜர் கார்டை (பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் கட்டு) அடித்தேன். கார்டு வரவில்லை, பெரிய வண்டு ஒன்று டப்பாவுக்குள் அகப்பட்டதுபோல் ஓர் இரைச்சல் வந்தது. பெடலில் கோளாறு என்று பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கோளாறு நான் அந்தச் சொல்லைப் புரிந்துகொண்ட விதத்தில் இருந்தது.

இந்த மூன்றும் ஒரே பொருளின் மூன்று அளவுகள் அல்ல. ஒன்று செயலின் பெயர். ஒன்று விளைவின் பெயர். மற்றொன்று காதுக்குப் படும் தன்மையின் பெயர். தமிழில் சொல் தேடும்போதும் இந்த வேறுபாடு நிற்க வேண்டும். "குறை திரிபு, நிறை திரிபு, மிகு திரிபு" என்று வரிசைபோட்டால் வேலை சுலபம்தான், ஆனால் அந்தத் தப்பான படிக்கட்டைத் தமிழிலும் கட்டிவிடுவோம்.

மூன்றுக்கும் பொதுவான சங்கதியை முதலில் சொல்லிவிடுகிறேன். எந்தப் பெருக்கிக்கும் ஒரு கூரை உண்டு. அதற்குக் கிடைக்கும் மின்னழுத்தத்தைத் தாண்டி அலையை எழுப்ப அதனால் முடியாது. அலை அந்தக் கூரையில் முட்டினால் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகிறது. வெட்டுப்பட்ட அலையில், முன்பு இல்லாத மேற்சுரங்கள், அதாவது மூல அதிர்வெண்ணின் மடங்குகள், பிறக்கின்றன. 110 ஹெர்ட்ஸில் ஒரு தூய அலையை எடுத்துக்கொள்வோம். மேலும் கீழும் ஒரே அளவாக வெட்டினால் 330, 550, 770 என்று ஒற்றைப்படை மடங்குகள் முளைக்கும். ஒரு பக்கத்தைக் கூடுதலாக வெட்டினால் 220, 440 போன்ற இரட்டைப்படை மடங்குகளும் சேர்ந்துகொள்ளும். எவ்வளவு வெட்டு, எவ்வளவு கூர்மையான வெட்டு, எங்கே வெட்டு என்பதில்தான் பெடல்கள் வேறுபடுகின்றன.

சரி, சொற்களுக்கு வருவோம். டிஸ்டார்ஷனிலிருந்து தொடங்குவதே முறை, ஏனென்றால் அதுதான் பொதுப்பெயர். இலத்தீனில் 'டிஸ்' என்றால் விலக, 'டார்குவேரே' என்றால் முறுக்கு. முறுக்கி உருமாற்றுவது என்பது மூலப்பொருள். இதே வேரிலிருந்து வந்தவைதான் இயந்திரவியலின் டார்க், வதையைக் குறிக்கும் டார்ச்சர், வெளிச்சம் தரும் டார்ச். (டார்ச்சரும் டிஸ்டார்ஷனும் ஒரே குடும்பம் என்பது பக்கத்து அறையில் இருப்பவர்களுக்கு ஆச்சரியமாக இருக்காது.) டார்ச் எப்படி இதில் வந்தது? நாரை முறுக்கி மெழுகில் தோய்த்துக் கொளுத்தியதால் வந்த பெயர் அது.

இங்கேதான் தமிழ் கை கொடுக்கிறது. விளக்கில் எரிவதற்கு நாம் வைத்த பெயர் திரி. பஞ்சைத் திரிப்பதால் திரி. கயிறு திரிக்கிறோம், இல்லாததைச் சொல்பவரையும் கயிறு திரிக்கிறார் என்கிறோம். சொன்னதை மாற்றிச் சொன்னால் திரித்துச் சொல்வது. முறுக்குவதும் மாற்றுவதும் ஒரே வினைக்குள் இருக்கின்றன. இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று பார்க்காமலேயே, முறுக்கிய நாரிலிருந்து விளக்குக்கும் உருமாற்றத்துக்கும் போயிருக்கின்றன. ஆகவே டிஸ்டார்ஷனுக்குத் 'திரிபு' என்பதைவிடப் பொருத்தமான சொல்லை என்னால் யோசிக்க முடியவில்லை.

ஒரு சிக்கல் உண்டு. இயற்பியல் பாடநூல்களில் திரிபு என்பது வேறொன்றுக்கு, அதாவது தகைவுக்கு உள்ளாகும் பொருளின் நீள, பரும மாற்றத்துக்கு, ஏற்கெனவே ஒதுக்கப்பட்டுவிட்டது. குழப்பம் வரும் இடத்தில் 'ஒலித்திரிபு' அல்லது 'அலைத்திரிபு' என்று எழுதினால் போதும். 'உருக்குலைவு' என்ற சொல்லும் புழங்குகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. குலைந்தது பாழாய்ப்போனது, கிட்டார்க்காரர் காசு கொடுத்து வாங்குவது பாழை அல்ல.

புணர்ச்சி இலக்கணம் படித்தவர்களுக்கு இன்னொரு சுவாரசியம். தோன்றல், திரிதல், கெடுதல் என்று விகாரம் மூன்று. பூங்கொடியில் ஓர் எழுத்து தோன்றுகிறது, பொற்குடத்தில் ன் திரிந்து ற் ஆகிறது, மரவேரில் ம் கெடுகிறது. வெட்டுப்பட்ட அலையில் மூன்றுமே நடக்கின்றன: மேற்சுரம் தோன்றுகிறது, வடிவம் திரிகிறது, உச்சி கெடுகிறது. பொற்குடத்தை யாரும் பிழை என்று சொல்வதில்லை.

டிஸ்டார்ஷன் என்ற சொல்லுக்கு நேர்ந்ததும் அதுதான். ஒலிப்பதிவுப் பொறியாளருக்கு அது இன்றும் குறைதான். ஒரு பெருக்கி எத்தனை விழுக்காடு திரிக்கிறது என்று அளந்து, அதைக் குறைக்கத்தான் பாடுபடுவார். கிட்டாரில் அதே குறை குணமாகிவிட்டது. 'நாற்றம்' ஒரு காலத்தில் நறுமணத்தையும் குறித்துப் பின்னால் தாழ்ந்துபோன சொல் அல்லவா? டிஸ்டார்ஷன் அதற்கு எதிர்த்திசையில் ஏறி வந்தது. கூடவே பொருளும் சுருங்கியது. அறிவியலில் எல்லா அலைமாற்றத்துக்கும் பொதுவானது, பெடல் உலகில் ஒரு வகையின் பெயர் ஆயிற்று. அலை பெருகிய பிறகு அதை டயோடுகளால் கூர்மையாக வெட்டும் சுற்று என்று அந்த வகையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1978-இல் வந்த பாஸ் நிறுவனத்தின் டிஎஸ்-1 பெடல் இதன் நல்ல உதாரணம். மெல்ல மீட்டினாலும் ஓங்கி அடித்தாலும் ஒலி ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நிற்கும், சுரம் நீண்டு ஒலிக்கும்.

ஓவர்டிரைவ் என்றதும் பலருக்குக் கார் நினைவுக்கு வரும். அந்த வழியில் போக வேண்டாம். காரின் ஓவர்டிரைவ், எஞ்சின் மெதுவாகச் சுழலவும் வண்டி வேகமாகப் போகவும் உதவும் பல்லிணை. எஞ்சினுக்கு ஓய்வு தருவது அதன் வேலை. கிட்டார் ஓவர்டிரைவ் ஆம்பை, அதாவது பெருக்கியை, மூச்சுவாங்க வைப்பது. பழைய கால ஆங்கில வழக்கில் இந்தச் சொல் கால்நடைகளை அவற்றின் வலுவுக்கு மீறி ஓட்டுவதைக் குறித்தது, நம்முடைய பொருளுக்கு அது எவ்வளவோ பக்கம். மின்னணுவியலில் 'டிரைவ்' என்பது ஒரு வால்வுக்கோ டிரான்சிஸ்டருக்கோ உள்ளே செலுத்தும் அலையின் தள்ளு. அது தாங்கும் அளவைவிட அதிகமாகத் தள்ளினால் ஓவர்டிரைவ். ஆக, இது செயலின் பெயர். வால்வு உடனே வெட்டாது. கூரைக்கு அருகில் அலையை மெல்ல வளைத்து, அழுத்தி, அப்புறம்தான் தட்டையாக்கும். அதனால்தான் மெதுவாக மீட்டினால் தெளிவும், அழுத்தி அடித்தால் கரகரப்பும் வருகிறது. ஆம்பை முழு ஒலியில் அலறவிடாமல் இதே குணத்தைப் பெற 1977-இல் பாஸ் நிறுவனத்தின் ஓடி-1 பெடல் வந்தது. அந்தப் பத்தாண்டின் இறுதியிலேயே ஐபனீஸ் நிறுவனத்தின் டியூப் ஸ்க்ரீமர் பெடலும் வந்தது.

தமிழில் 'மிகையோட்டம்' என்று எழுதத் தோன்றும். எழுதினால் மின்பணியாளர் அதை மிகை மின்னோட்டம் என்று வாசித்து ஃபியூஸைத் தேடுவார். 'மிகைப்படுத்தல்' பேச்சில் கூட்டிச் சொல்வதற்குப் போய்விட்டது. உந்துதல் என்பதே இங்கே நடக்கும் வேலை என்பதால் 'மிகையுந்தல்' என்று வைக்கலாம். பெடலைச் சொல்ல 'மிகையுந்தி'. முதல் தடவை கேட்கும்போது கொஞ்சம் பாடநூல் வாடை அடிக்கத்தான் செய்கிறது. பொருள் நேராக இருப்பதால் நான் அதைப் பொறுத்துக்கொள்கிறேன்.

ஃபஸ்ஸுக்கு வந்தால் எனக்கு இந்தத் தயக்கமே இல்லை. ஆங்கிலத்தில் ஃபஸ் என்பது கம்பளியின் மேல் எழுந்து நிற்கும் நுண்ணிய இழை, தெளிவில்லாத விளிம்பு. தமிழில் அதுவே பிசிறு. துணியின் கிழிந்த ஓரத்தில் பிசிறு நிற்கும். குரலுக்கும் அதே சொல்தான்: பிசிறில்லாமல் பாடினார், மேல் ஸ்தாயியில் பிசிறு தட்டியது. இழையிலிருந்து ஒலிக்குப் போகும் பாலத்தைத் தமிழ் எப்போதோ கட்டி வைத்துவிட்டது. சிலர் 'மங்கல்' என்கிறார்கள். ஃபஸ் ஒலியை ஒருமுறை கேட்டவர் அதை மங்கல் என்று சொல்ல மாட்டார். கூசுகிற அளவுக்குப் பளிச்சென்று இருக்கும்.

இதன் பிறப்பும் ஒரு பழுதில்தான். 1960-இல் அமெரிக்காவின் நாஷ்வில்லில், கன்ட்ரி பாடகர் மார்ட்டி ராபின்ஸின் பாடல் ஒன்றைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். கிரேடி மார்ட்டின் வாசித்த ஆறு கம்பி பேஸ் கிட்டார், பழுதான டிரான்ஸ்ஃபார்மர் கொண்ட ஒரு தடத்தின் வழியாகப் போய், கிழிந்த ஒலியாக வந்தது. அதை அழிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு வெளிவந்து வெற்றியும் பெற்றது. பதிவுப் பொறியாளர் கிளென் ஸ்னாடி, பழுதான டிரான்ஸ்ஃபார்மரின் அந்த ஒலியைத் தரும் டிரான்சிஸ்டர் சுற்றை உருவாக்க, கிப்சன் நிறுவனம் அதை 1962-இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்று விற்பனைக்கு விட்டது. பித்தளைக் குழல், சாக்சஃபோன் ஒலிகளைக் கிட்டாரில் எழுப்பலாம் என்பதுதான் அப்போதைய விளம்பரம். கிட்டார் கிட்டார்போல் இல்லாமல் போவதுதான் அதன் சிறப்பாக இருந்தது. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' பாடலுக்கு அதைக் கையில் எடுத்தபோதும், பின்னால் குழல்கள் வாசிக்கப்போகும் இடத்தைக் குறித்துவைக்கத்தான் வாசித்தார், குழல்கள் வரவேயில்லை. இதற்கிடையில், 1964-இல் கிங்க்ஸ் குழுவின் கிட்டார்க்காரர் டேவ் டேவிஸ் பெடல் எதுவும் இல்லாமல், ஸ்பீக்கரின் தாள் கூம்பைப் பிளேடால் கீறிப் பதிவு செய்தார். நிஜமாகவே ஓரம் பிய்ந்து ஆடிய பிசிறு அது!

சுற்றுக்குள் நடப்பது இதுதான்: ஒன்றிரண்டு டிரான்சிஸ்டர்கள் அலையை அளவு கடந்து பெருக்கி, ஏறத்தாழச் சதுர அலையாக்கிவிடுகின்றன. மேற்சுரங்கள் கூட்டமாகப் பிறக்கும். ஒற்றைச் சுரத்தில் அது அழகு. ஒரே நேரத்தில் பல சுரங்கள் போனால், அவற்றின் கூடுதலும் வித்தியாசமுமான அதிர்வெண்களும் சேர்ந்து முளைக்கும். 110-உம் 165-உம் என்ற ஐந்தாம் இடைவெளி என்றால் வித்தியாசம் 55. அதே சுரத்தின் கீழ் ஸ்தாயி என்பதால் ஒலி இன்னும் கனமாகும். ஒரு சுரத்தையும் அதன் ஐந்தாம் சுரத்தையும் மட்டும் சேர்த்த பவர் கார்டுகள் கடுமையான திரிபிலும் நிற்பதன் ரகசியம் இதுதான். மேஜர் கார்டில் உள்ளதுபோல் மூன்றாம் சுரத்தையும் சேர்த்தால் முளைப்பவை அப்படிப் பொருந்துவதில்லை. நான் டப்பாவில் பிடித்த வண்டும் அதுதான்.

அப்படியானால் எதை எடுப்பது? விரலின் அழுத்தத்துக்கு ஒலி பதில் சொல்ல வேண்டும், கார்டின் ஒவ்வொரு சுரமும் கேட்க வேண்டும் என்றால் மிகையுந்தி. வால்வு ஆம்ப் ஏற்கெனவே இருந்தால் இன்னொரு வழி: பெடலின் கெயினை (உள்ளே திரிக்கும் அளவு) குறைத்து லெவலை (வெளியே தள்ளும் அளவு) கூட்டினால், திரிபு வேலையை ஆம்பே செய்யும். பெடல் தன் பெயருக்கு உண்மையாக நடந்துகொள்வது அப்போதுதான். கையை எப்படி வைத்தாலும் இறுக்கமான, ஒரே மட்டமான ஒலி வேண்டும், உள்ளங்கையால் கம்பியை அமுக்கி வேகமாக வாசிக்க வேண்டும் என்றால் டிஸ்டார்ஷன். ஒற்றைச் சுரத்தில் நகரும் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு வரி), கிட்டாரா வேறெதுவா என்று கேட்பவர் திகைக்கும் தனி வாசிப்பு என்றால் ஃபஸ்.

ஃபஸ்ஸுக்குக் கொஞ்சம் கிறுக்குக் குணமும் உண்டு. ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் கொண்ட பழைய வகைகளில் வெப்பத்துக்கு ஏற்ப ஒலி மாறும். பலவற்றைக் கிட்டாருக்கு அடுத்து முதலாவதாக வைக்க வேண்டும். இடையில் பஃபர் (கிட்டாரை அடுத்த சுற்றிலிருந்து பிரிக்கும் இடைச்சுற்று) உள்ள பெடல் வந்தால் முரண்டுபிடிக்கும். 1966-இல் வந்த ஃபஸ் ஃபேஸ் போன்றவற்றில், கிட்டாரின் வால்யூமைச் சற்றுக் குறைத்தால் பிசிறு உதிர்ந்து கண்ணாடிபோல் தெளிவான ஒலி கிடைக்கும். டிஸ்டார்ஷன் பெடல்களிடம் இவ்வளவை எதிர்பார்க்க முடியாது.

பெட்டியின் மேல் எழுதியிருப்பதை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பிக் மஃப் என்ற பெடலை ஃபஸ் என்று விற்கிறார்கள். உள்ளே டயோடு வெட்டு இரண்டு அடுக்காக இருக்கிறது, டிஸ்டார்ஷனுக்கு நெருக்கமான வேலை. ரேட் (RAT) என்ற பெடல் டிஸ்டார்ஷன் வரிசையில் வரும். அதன் கெயினை முழுக்கத் திருப்பினால் பிசிறிவிடும்.

மேடையில் பேசிக்கொள்ளும்போது எல்லோரும் டிரைவ், ஃபஸ் என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படித்தான். எழுதும்போது இப்படிப் பழகிப் பார்த்திருக்கிறேன்: "சரணம் முழுக்க லேசான மிகையுந்தல், பல்லவிக்குத் திரும்பும்போது திரிபைக் கூட்டு, இடையிசையில் அந்த ஒற்றை வரிக்கு மட்டும் பிசிறு." இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிப்பவருக்கு இதை அனுப்பினேன். 'பிசிறு' அவருக்கு உடனே புரிந்தது, 'திரிபு' அரை நொடி எடுத்தது. 'மிகையுந்தல்' என்றால் என்ன என்று திருப்பிக் கேட்டார்.