சுற்றிக்கொண்டே இருக்கும் பட்டியல்: செட்டாப் பாக்ஸின் நிகழ்ச்சி வழிகாட்டி ஏன் பழசாகிறது?

வாசகர் ஒருவர் சென்ற மாதம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். ரிமோட்டில் ‘கைடு’ பொத்தானை அழுத்தினால் இரவு எட்டரை மணிக்கு ஒரு தொடரின் பெயர் வருகிறது. அந்தத் தொடர் முடிந்து இரண்டு மாதங்கள் ஆகிவிட்டன. அதே நேரத்தில் வேறொரு தொடர் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னும் சில சேனல்களுக்கு ‘தகவல் இல்லை’ என்ற வரி மட்டுமே தெரிகிறது. கேபிள்காரரிடம் சொன்னால் பெட்டியை அணைத்துப் போடச் சொல்கிறார். சுவர் சுவிட்சையே அணைத்துப் போட்டும் மாறவில்லை. “பெட்டி பழுதாகிவிட்டதா, புதிது வாங்க வேண்டுமா?” என்று கேட்கிறார்.

நியாயமான எரிச்சல். கையில் உள்ள கைப்பேசி நொடியில் எதையும் புதுப்பித்துக்கொள்ளும் காலத்தில், மாதம் தவறாமல் சந்தா கட்டும் ஒரு சேவையில் இன்றைய நிகழ்ச்சியின் பெயர்கூடச் சரியாக வராதது ஏன் என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. கைப்பேசி கேட்டுப் பெறுகிறது. கேபிள் பெட்டியால் கேட்க முடியாது. இணைய இணைப்புள்ள புதிய பெட்டிகளை விட்டுவிடுவோம். நம் வீடுகளில் உள்ள சாதாரணப் பெட்டிக்கு வரும் கம்பியில் தகவல் ஒரே திசையில்தான் ஓடுகிறது. “இன்று எட்டரை மணிக்கு என்ன?” என்று மேலே அனுப்ப அதனிடம் வழியே இல்லை. எனவே கேபிள் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் உள்ள கணினி, எல்லாச் சேனல்களின் எல்லா நிகழ்ச்சிகளையும், யார் பார்க்கிறார்கள் என்று தெரியாமலேயே, முதலிலிருந்து கடைசிவரை சொல்லி முடித்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்கி, இரவும் பகலும் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஊரைச் சுற்றித் தண்டோரா போடுபவரைப் போல. நம் தெருவுக்கு அவர் வரும்போது வீட்டில் இல்லையென்றால் அடுத்த சுற்று வரும்வரை காத்திருக்க வேண்டும்.

இந்தச் சுற்று ஒரு காலத்தில் கண்ணுக்கே தெரிந்தது. 1981இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் உள்ள டல்சா நகரைச் சேர்ந்த யுனைடெட் வீடியோ என்ற நிறுவனம், கேபிள் நிலையங்களில் கணினிகளை வைத்து, நிகழ்ச்சிப் பட்டியலை மட்டுமே காட்டும் ஒரு தனிச் சேனலைத் தொடங்கியது. பட்டியல் கீழிருந்து மேலாக மெல்ல நகரும். உங்கள் சேனல் கடந்து போய்விட்டால் அது மறுபடி வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இன்று அந்தச் சுற்று திரைக்குப் பின்னால் போய்விட்டது, ஆனால் நிற்கவில்லை.

டிஜிட்டல் கேபிளில் படமும் ஒலியும் 188 பைட் கொண்ட சிறு பாக்கெட்டுகளாக வெட்டப்பட்டு வருகின்றன என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். ஒவ்வொரு பாக்கெட்டின் தலையிலும் அது எதைச் சேர்ந்தது என்று சொல்லும் ஓர் அடையாள எண் இருக்கும். இந்தியக் கேபிள் பின்பற்றும், டிஜிட்டல் ஒளிபரப்புக்கான ஐரோப்பிய டி.வி.பி. தரத்தில் 18ஆம் எண் நிகழ்ச்சிப் பட்டியலுக்கும் 20ஆம் எண் கடிகாரத்துக்கும் ஒதுக்கப்பட்டவை. பெட்டி 18ஆம் எண் பாக்கெட்டுகளைச் சேர்த்து ஒட்டி, பிழை இருக்கிறதா என்று சரிபார்த்து, நினைவகத்தில் அடுக்கிக்கொள்கிறது. பிழை இருந்தால் அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கிறது.

சுற்று எவ்வளவு நீளம் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 400 சேனல்கள், 7 நாட்கள், ஒரு நாளைக்கு 30 நிகழ்ச்சிகள், ஒவ்வொன்றுக்கும் பெயரும் சுருக்கமும் சேர்த்து 150 பைட் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 1 கோடியே 26 லட்சம் பைட், அதாவது, ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்ற கணக்கில், ஏறக்குறைய 10 கோடி பிட். அடுத்த எட்டு நாட்களுக்கான பட்டியலைக் கேபிளில் 10 விநாடிக்கு ஒரு முறையாவது சொல்லி முடிக்க வேண்டும் என்பது டி.வி.பி. வழிகாட்டுதல். அப்படியானால் விநாடிக்கு 1 கோடி பிட் பட்டியலுக்கே போய்விடும். ஒரு கேபிள் அலைவரிசையில் பொதுவாக விநாடிக்குச் சுமார் 3 கோடியே 80 லட்சம் பிட் செல்லும். அதில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் பட்டியலுக்குக் கொடுப்பது என்றால், ஐந்து சாதாரணத் தரச் சேனல்களை எடுத்துவிட வேண்டும். எந்த நிறுவனமும் அதற்கு மனம் ஒப்பாது. பட்டியலுக்கு விநாடிக்கு 5 லட்சம் பிட் மட்டும் ஒதுக்கினால், அதே சுற்று முடிய 3 நிமிடம் 22 விநாடி ஆகும். பொத்தானை அழுத்தியவர் அவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டார்.

எனவே வெட்டத் தொடங்குகிறார்கள். ஏழு நாள் மூன்று நாளாகிறது, சுருக்கக் குறிப்பு போகிறது, கடைசியில் ‘இப்போது’, ‘அடுத்து’ என்ற இரண்டு வரிகள் மட்டும் மிஞ்சுகின்றன. 400 சேனல்களுக்கும் இந்த இரண்டு வரிகளை 2 விநாடிக்கு ஒரு முறை சொல்ல எவ்வளவு வேண்டும் என்று கணக்கிட்டால் விநாடிக்கு 4 லட்சத்து 80 ஆயிரம் பிட் வருகிறது. அந்த 5 லட்சத்துக்குள் ஏறக்குறைய அளவெடுத்ததுபோல் பொருந்துகிறது. மலிவான பெட்டிகளில் இந்த இரண்டு வரிகளுக்கு மேல் எதுவும் வராததற்கான காரணத்தை நான் முதன்முதலாகப் புரிந்துகொண்டது, இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்த்தபோதுதான்.

இந்த ஏற்பாட்டில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி இனிமேல்தான் வருகிறது. ஒரே செய்தி நாள் முழுவதும் ஆயிரக்கணக்கான முறை வந்துகொண்டிருக்க, அது ஏற்கெனவே கேட்டதா, புதிதா என்று பெட்டிக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு முறையும் முழுவதையும் படித்துப் பழையதோடு ஒப்பிட்டால் அந்தச் சிறிய செயலி வேறு வேலையே பார்க்க முடியாது. தரத்தை வகுத்தவர்கள் இதற்குக் கண்ட வழி அவ்வளவு எளிமையானது. பட்டியலின் ஒவ்வொரு துண்டின் தலைப்பகுதியிலும், ஆறாவது பைட்டில், ஐந்தே ஐந்து பிட் நீளமுள்ள ஒரு பதிப்பு எண்ணை வைத்தார்கள். ஐந்து பிட்டில் 0 முதல் 31 வரை எழுதலாம். பட்டியலில் ஏதேனும் மாறினால் அந்த எண் ஒன்று கூடும். 31க்குப் பிறகு மீண்டும் 0. பெட்டி, தன்னிடம் உள்ள பதிப்பு எண்ணைச் சிப்பில் உள்ள ஒரு வடிகட்டியிடம் கொடுத்து, “இந்த எண்ணோடு வருவதை உள்ளே விடாதே, வேறு எண் வந்தால் மட்டும் என்னை எழுப்பு” என்று சொல்லிவிடுகிறது. அதன் பிறகு செயலிக்கு வேலையில்லை. வாசலில் நிற்கும் அந்த வடிகட்டி, தலைப்பகுதியின் சில பைட்டுகளை மட்டும் பார்த்து, பழையவற்றையெல்லாம் உள்ளே படிக்காமலேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறது. ஒரு துண்டு 4,096 பைட் வரை நீளலாம். அது புதிதா பழையதா என்று தீர்மானிக்க ஐந்து பிட் போதும். இவ்வளவு சிறிய ஒன்று இவ்வளவு பெரிய உழைப்பை மிச்சப்படுத்துவதைப் பார்க்கும்போது எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை.

ஆனால் இந்த ஏற்பாடு முழுக்க முழுக்க ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: உள்ளடக்கம் மாறினால் எண்ணும் மாறும் என்ற நம்பிக்கை. கட்டுப்பாட்டு அறையின் மென்பொருள் மின்தடைக்குப் பின் மறுபடி தொடங்கி, பெட்டியிடம் ஏற்கெனவே உள்ள அதே எண்ணோடு புதிய பட்டியலை அனுப்பினால், வடிகட்டி அதைப் பழையது என்றே கருதித் தள்ளிவிடும். சரியான பட்டியல் கம்பியில் வந்துகொண்டே இருக்கும். பெட்டி பழையதையே காட்டிக்கொண்டிருக்கும். கேபிள்காரர் சொல்லும் “அணைத்துப் போடுங்கள்” என்ற வைத்தியம் பலிப்பது இந்த இடத்தில்தான். மின்சாரம் முழுவதும் நின்றால் எளிய பெட்டிகளின் நினைவகம் அழிந்து, வடிகட்டிக்குப் பழைய எண் மறந்துபோய், அடுத்த சுற்றில் வருவதையெல்லாம் புதிதாக வாங்கிக்கொள்ளும். இதற்கு ரிமோட்டின் சிவப்புப் பொத்தான் போதாது, அது பெட்டியைத் தூங்கத்தான் வைக்கும். சுவரில் உள்ள சுவிட்சை அணைக்க வேண்டும். பெட்டியின் தலையில் தட்டினால் சரியாகும் என்று நம்புகிறவர்களும் உண்டு. அந்த நம்பிக்கைக்கு அடிப்படை எதுவும் இல்லை. தட்டிய நேரத்தில் ஒரு சுற்று முடிந்திருக்கும், அவ்வளவே.

கடிகாரக் கோளாறு வேறு வகை. எங்கள் வீட்டில் பெட்டி மாற்றியபோது, மாலை 7 மணிச் செய்தி பட்டியலில் பிற்பகல் 1:30க்கு நின்றது. எல்லா நிகழ்ச்சிகளும் அதே அளவு, மிகச் சரியாக ஐந்தரை மணி நேரம் முன்னால் இருந்தன. பட்டியலில் உள்ள நேரங்கள் எப்போதும் உலகப் பொது நேரத்தில்தான் அனுப்பப்படுகின்றன. இந்தியாவுக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும் என்ற குறிப்பு, கடிகாரத் தகவலோடு தனியே வரும். அந்தக் குறிப்பு எங்கள் பெட்டியை எட்டவில்லை. அமைப்புகளுக்குள் போய் நேர மண்டலத்தை நாங்களே மாற்றியதும் சரியாகிவிட்டது.

தேதியை அனுப்பும் முறையும் சுவையானது. ஆண்டு, மாதம் என்று பிரிக்காமல், 1858 நவம்பர் 17 முதல் எத்தனை நாட்கள் கடந்தன என்ற ஒரே எண்ணை அனுப்புகிறார்கள். இந்த நாள் எண்ணிக்கை 1957இல் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்கின் பாதையைக் கணக்கிட ஸ்மித்சோனியன் வானாய்வகத்தார் கைக்கொண்டது. நம் பஞ்சாங்கக் கணிதர்கள் கலியுகத் தொடக்கத்திலிருந்து எண்ணும் கலி தினமும் இதே உத்திதான்: மாதங்களின் ஏற்ற இறக்கத்தில் சிக்காமல் நாட்களை மட்டும் எண்ணினால் கூட்டல் கழித்தல் எளிதாகிறது. அந்தக் கணிதத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். அதன் மேல் ஏற்றி வைக்கப்பட்ட நல்ல நேரம், கெட்ட நேரத்தை மதிக்கவில்லை. பட்டியலில் இந்த எண்ணுக்கு 16 பிட் மட்டுமே இடம் இருப்பதால் 2038 ஏப்ரல் 22ஆம் தேதியோடு அது தீர்ந்துவிடும்.

பட்டியல் ஏன் தமிழில் வருவதில்லை என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. ‘தொடர்’ என்ற சொல்லை, எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யுனிகோடில் எழுத ஐந்து குறியீடுகள் வேண்டும், அவற்றைப் பைட்டுகளாக மாற்றும் யு.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 15 பைட். ‘சீரியல்’ என்பதை ஆங்கில எழுத்தில் எழுத 6 பைட் போதும். நிகழ்ச்சியின் பெயருக்கும் சுருக்கத்துக்கும் சேர்த்து முதல் குறிப்பில் கிடைக்கும் இடம் 250 பைட்; தமிழில் அது 83 குறியீடுகளுக்குள் முடிந்துவிடும். மேலும் ‘தொ’ என்ற எழுத்து நினைவகத்தில் தகரம், அதன் பின் ஒகரக் குறி என்ற வரிசையில் இருக்கிறது. திரையில் கொம்பு முன்னேயும் கால் பின்னேயும் வர வேண்டும். அப்படிப் பிரித்து நிறுத்தத் தெரிந்த மென்பொருள் பெட்டியில் இல்லையென்றால் எழுத்துகள் சிதறும். இவை எல்லாம் தீர்க்கக்கூடியவை. தீர்க்க யாரும் பணம் ஒதுக்காததுதான் தடை என்பது என் கருத்து.

இனி வாசகரின் கேள்விக்கு வருகிறேன். ஐந்தரை மணி நேரப் பிசகு இல்லை, எனவே கடிகாரம் சரி. சுவிட்சை அணைத்த பிறகும் பழைய பெயரே வருகிறது, எனவே பதிப்பு எண்ணின் குழப்பமும் இல்லை. அந்தப் பழைய பெயர்தான் இன்றும் கம்பியில் வந்துகொண்டிருக்கிறது. ஆகவே பிழை உங்கள் வீட்டுக்கு வெளியே இருக்கிறது. சேனல் தன் வார அட்டவணையை ஒரு கோப்பாகக் கொடுக்க, அது இடையில் உள்ளவர்கள் வழியாகக் கேபிள் நிறுவனத்தின் கணினிக்குப் போய்ச் சேர வேண்டும். புதிய கோப்பு வராத வாரத்தில் பழைய வாரத்தையே நகலெடுத்து ஒட்டிவிடுவது எளிது. திங்கள் முதல் சனி வரை ஒரே நேரத்தில் ஒரே தொடர் வரும் நம் சேனல்களில் அந்த நகல் மாதக்கணக்கில் சரியாகவே தெரியும், தொடர் முடியும் நாள் வரை. ‘தகவல் இல்லை’ என்று வரும் சேனல்களின் கதை வேறாக இருக்கலாம். சேனலை ஓர் அலைவரிசையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது அதன் அடையாள எண்களும் மாறும். பட்டியல் பழைய எண்ணுக்கே போய்க்கொண்டிருந்தால் பெட்டியால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க முடியாது.

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017இல் வெளியிட்ட விதிமுறைகள், ஒரே வகைச் சேனல்களை வழிகாட்டியில் அடுத்தடுத்து வைக்க வேண்டும், ஒரு சேனல் ஓர் இடத்தில் மட்டுமே தோன்ற வேண்டும் என்று சொல்கின்றன. வரிசையில் காட்டிய அந்த அக்கறை வரிசைக்குள் இருக்கும் செய்தியிலும் வேண்டும். ஒவ்வொரு சேனலும் தன் அட்டவணையைப் பொதுவான ஒரே வடிவத்தில், யாரும் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளும்படி வெளியிட வேண்டும் என்று விதித்தால், இடையில் நகலெடுக்கும் தேவையே இருக்காது.

புதிய பெட்டி வாங்க வேண்டாம். அதுவும் இதே கம்பியில் வரும் இதே பழைய பெயரைத்தான் காட்டும். சேனல் எண், நேரம், பட்டியல் காட்டும் பெயர், உண்மையில் ஓடும் நிகழ்ச்சி ஆகிய நான்கையும் எழுதி, கேபிள்காரரிடம் சொல்வதோடு நிற்காமல், கேபிள் நிறுவனத்தின் புகார் எண்ணிலும் பதிவு செய்து, புகாருக்கான எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியை மறுபடி அணைத்துப் போடச் சொன்னால், அதை ஏற்கெனவே செய்துவிட்டதாகவும், திருத்த வேண்டியது கட்டுப்பாட்டு அறைக்கு வரும் அட்டவணைக் கோப்பு என்றும் சொல்லுங்கள்.