அழுவதும் விசுவாசக் குறைவு அல்ல, மாத்திரை போடுவதும் அல்ல

போன செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்கு ஓர் அக்கா வந்தார். கதிரையில் உட்காருமுன்னே பையிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து மேசையில் வைத்து மூடியைத் திறந்தார். உள்ளே ஆஸ்பத்திரிக் காகித உறைகள். 'இரவு ஒன்று' என்று பேனையால் எழுதியது கொஞ்சமும் அழியவில்லை. மூன்று மாதத்து மாத்திரை, ஒன்றுகூடத் தொடவில்லை.

"ஜெபக் குழுச் சிஸ்டர் வேணாம்னு சொன்னாங்க மிஸ். மாத்திரை போட்டா ஆண்டவர் மேல நம்பிக்கை இல்லேன்னு ஆகிருமாம்."

எத்தனையாவது தடவை இதைக் கேட்கிறேன் என்று எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் கோபம் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என்னைப் பற்றி. நுவரெலியா மாவட்டத்து ஆஸ்பத்திரி ஒன்றின் மனநலப் பிரிவில் உளவளத்துணையாளராக இருக்கிறேன். அப்பா தோட்டத்துச் சபையில் உபதேசியார். இஸ்தோப்பில் லாம்பு வெளிச்சத்தில் பைபிளின் சங்கீதம் வாசித்து வளர்ந்தவள் நான். ஆகவே 'பைபிளை மூடிவிட்டு மாத்திரையைப் போடு' என்று சொல்கிற ஆள் இவள் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் சொல்ல வருவது வேறு. பைபிளை நன்றாகத் திறங்கள். நாலு வசனத்தோடு நிறுத்தாமல் திறங்கள்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து போனது. நாடு முழுக்க 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளைப் பக்கம் மலை சரிந்த கதையை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த அக்காவின் லயத்தில், அந்த வரிசை வீட்டில், அடுத்த காம்பராவில் இருந்தவர் அவருடைய சொந்த அக்கா. மண் அந்தக் காம்பராவோடு நின்றது. இவர் பிழைத்தார். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

முகாமுக்கு வந்த ஜெபக் குழுச் சிஸ்டர் ஒருவர், 91ஆம் சங்கீதத்தை ஒரு நாளைக்கு மூன்று தடவை எழுதச் சொல்லியிருக்கிறார். அக்கா சொன்னபடி செய்தார். அந்தக் கொப்பியையும் கொண்டுவந்திருந்தார். பக்கம் பக்கமாக, கோடு தவறாத கையெழுத்து. நான் சும்மா புரட்டிக்கொண்டே போனேன். நாலாவது பக்கத்தில்தான் கண்ணில் பட்டது. எல்லாப் பக்கத்திலும் ஏழாவது வசனம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வரி வெறுமையாக விட்டிருந்தது.

ஏழாவது வசனம் என்ன தெரியுமா? "உன் பக்கத்தில் ஆயிரம்பேரும், உன் வலதுபுறத்தில் பதினாயிரம்பேரும் விழுந்தாலும், அது உன்னை அணுகாது."

பக்கத்துக் காம்பராவில் சொந்த அக்காவைப் பறிகொடுத்தவரிடம் எழுதக் கொடுக்கிற வசனமா இது? வசனத்தில் குற்றமில்லை. கொடுத்த நேரமும் கொடுத்த விதமும்தான் குற்றம். மருந்து நல்ல மருந்தாகவே இருக்கலாம், அளவும் வேளையும் பார்க்காமல் கொடுத்தால் நஞ்சு.

இப்போது எனக்கு மிகவும் எரிச்சல் மூட்டுகிற அந்த ஒரு நினைப்புக்கு வருகிறேன். 'விசுவாசி அழக்கூடாது. துக்கப்பட்டால், பயந்தால், கடவுளைக் கேள்வி கேட்டால் விசுவாசம் போய்விட்டது.' இதை எங்கிருந்து எடுத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பைபிளிலிருந்து எடுக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

150 சங்கீதத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் புலம்பல். அந்த அக்காவிடம் 88ஆம் சங்கீதத்தை எடுத்துக் கொடுத்தேன். அதில் ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே இருட்டு. மற்றப் புலம்பல்கள் பெரும்பாலும் முடிவதற்குள் எங்கேயாவது ஒரு ஸ்தோத்திரத்தைப் போட்டுவிடும், இதில் அதுவும் கிடையாது. சிநேகிதனையும் தோழனையும் தூரமாக விலக்கிவிட்டீர், அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்று சொல்லி அப்படியே நின்றுவிடுகிறது. அக்கா இரண்டு தடவை வாசித்துவிட்டு, "இதையும் பைபிள்ல போட்டிருக்காங்களா மிஸ்?" என்று கேட்டார். போட்டிருக்கிறார்கள். வேண்டாம் என்று யாரும் வெட்டி எறியவில்லை. சிலுவையில் இயேசு கத்தியதும் ஒரு சங்கீதத்தின் முதல் வரிதான்: "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" அவருக்கு விசுவாசம் குறைவு என்று சொல்ல யாருக்காவது தைரியம் இருக்கிறதா?

எலியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1 இராஜாக்கள் 19. பெரிய தீர்க்கதரிசி, வானத்திலிருந்து அக்கினியை இறக்கியவர். அடுத்த அதிகாரத்திலேயே வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். இன்றைக்கு எங்கள் கிளினிக்கில் ஒருவர் இப்படிச் சொன்னால் கொப்பியில் சிவப்புப் பேனையால் குறித்து, அன்றே வைத்தியரிடம் அனுப்பிவிடுவோம்.

கடவுள் என்ன செய்தார்? பிரசங்கம் பண்ணவில்லை. 'உன் விசுவாசம் எங்கே போனது' என்று கேட்கவில்லை. ஒரு தூதனை அனுப்பித் தட்டி எழுப்பினார். "எழுந்திருந்து போஜனம்பண்ணு." தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், அடுப்பில் சுட்ட ரொட்டியும் குடிக்கத் தண்ணியும். சாப்பிட்டார், திரும்பப் படுத்துக்கொண்டார். தூதன் கோபிக்கவில்லை. மறுபடி தட்டி எழுப்பி, மறுபடி சாப்பாடு. நீ போக வேண்டிய பிரயாணம் வெகுதூரம் என்றான். பேச்சுவார்த்தையெல்லாம் நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன அப்புறம்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டில் மூன்று வேலைதான் சொல்லியிருக்கிறது: பார், கேள், தேவையானவர்களோடு இணை. சாப்பாடு, தண்ணீர், படுக்க இடம் கிடைத்ததா என்று பார். பேசினால் கேள், பேச வைக்காதே. எங்கள் பயிற்சியில் இதைப் படித்தபோது, 'எலியா கதையைத்தானே சுற்றி வளைத்து எழுதியிருக்கிறார்கள்' என்று பக்கத்தில் இருந்த நேர்ஸிடம் முணுமுணுத்தேன். அவர் பௌத்தர், ஒன்றும் விளங்காமல் சிரித்தார்.

பிள்ளைகளையும் உடைமையையும் இழந்த யோபுவின் சிநேகிதர்களையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் முதல் ஏழு நாள் செய்ததுதான். அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். வாய் திறந்தார்கள், கெட்டது எல்லாம். நீ பாவம் செய்திருப்பாய், உன் பிள்ளைகள் செய்திருப்பார்கள்… கடைசியில் கடவுள் கோபித்தது கேள்வி மேல் கேள்வி கேட்ட யோபுவிடம் அல்ல, விளக்கம் சொன்ன இவர்களிடம். ஒவ்வொரு முகாமிலும் இந்த மூன்று சிநேகிதர்களை நான் சந்தித்திருக்கிறேன். 2014இல் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டம் மண்ணுக்குள் போனபோதும் சந்தித்தேன். வேறு வேறு சேலை, வேறு வேறு வேட்டி, பேச்சு ஒன்றுதான்.

வேட்டி என்று சொன்னதால் இதையும் சொல்ல வேண்டும். இது வேதக்காரர்களுக்கு மட்டும் உள்ள நோய் அல்ல. மகனை இழந்த ஒரு தாத்தா, தோட்டத்துக் கோயிலில் வருடக்கணக்காகத் தேவாரம் படித்தவர், கோயில் பக்கமே போகாமல் இருந்தார். சாமியைத் திட்டிவிட்டாராம், இனி எந்த வாயால் பாடுவது என்று வெட்கம். 'குலதெய்வக் குற்றம்' என்று சொன்னவர்கள் வேறு. மூன்றாவது தடவை வந்தபோது அவரே ஒரு பதிகத்தைச் சொன்னார். கண்ணை இழந்த சுந்தரர் திருவாரூரில் சிவனிடம் சண்டை பிடிக்கிற பதிகம். உமக்கே அடிமையாய் இருக்கிறவர்கள் தங்கள் அல்லலைச் சொன்னால், "வாளாங்கு இருப்பீர் திருவாரூரீர், வாழ்ந்து போதீரே." சும்மா உட்கார்ந்திருக்கிறீரே, நல்லா இருங்க சாமி! நம் பாட்டிமார் வயிறெரிந்து சொல்வார்களே, அதே குரல். இதைத் திருமுறையில் வைத்துக் கோயிலிலேயே பாடுகிறோம். தாத்தா அதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை, பிளேன்டீ வாங்கிக் கொடுத்தேன். திட்டுவதற்கும் பாட்டு உண்டு என்று அவருக்கு அவரே ஞாபகப்படுத்திக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது.

சரி, எல்லோருக்கும் பிடித்த எரேமியா 29:11க்கு வருவோம். கலண்டரில், பஸ் கண்ணாடியில், முகாம் சுவரில் எல்லாம் இருக்கிறது. உங்களுக்காக நான் நினைத்திருக்கிற நினைவுகள் சமாதானத்துக்கேதுவானவை என்று. நல்ல வசனம். ஆனால் அதற்கு மேலே இருக்கிறதையும் வாசியுங்கள். அது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதம். 70 வருடம் ஆகும் என்று முன் வசனத்திலேயே சொல்லியிருக்கிறது. அதுவரைக்கும் வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் நாட்டுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள் என்கிறார். 200 வருடமாகத் தோட்டத்தை நாட்டியும் வீடும் கனியும் கைக்கு வராத நம் சனத்துக்கு இது எப்படிக் கேட்கும் என்று நான் சில நேரம் யோசிப்பேன். ஆனாலும் ஒன்று. நாளைக்கே எல்லாம் சரியாகிவிடும் என்று அந்தக் கடிதம் பொய் சொல்லவில்லை. நீண்ட காலம் ஆகும், அதற்குள் வாழ்கிற வேலையைப் பார் என்கிறது. நம்பிக்கை என்றால் எனக்கு அதுதான் நம்பிக்கையாகத் தெரிகிறது.

இனி, செய்ய வேண்டியவை. இதில் பேரம் இல்லை.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்யவே இரண்டு மூன்று வாரம் எடுக்கும். நாலு நாள் போட்டுவிட்டு 'ஒன்றும் ஆகவில்லை' என்று டின்னில் போட்டு மூடுவதும் தப்பு, சுகமானதும் 'இனி எதற்கு' என்று விடுவதும் தப்பு. தலைசுற்றல், வயிற்றுப் புரட்டல் இருந்தால் வந்து சொல்லுங்கள், மாற்றித் தருவார்கள். உபவாச ஜெபம் இருக்கிறீர்களா, விரதமா, முதலில் கேட்டுவிட்டு இருங்கள். லித்தியம் என்கிற மாத்திரை எடுக்கிறவர்கள் தண்ணீர் குடிக்காமல் இருப்பது உண்மையிலேயே ஆபத்து.

பாஸ்டர் ஐயாமாரே, சிஸ்டர்மாரே, பூசாரி ஐயாமாரே, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். ஜெபம் பண்ணுங்கள், திருநீறு போடுங்கள், மாத்திரையைப் பற்றி மட்டும் வாய் திறக்காதீர்கள். சுகமுள்ளவர்களுக்கு அல்ல, பிணியாளிகளுக்குத்தான் வைத்தியன் வேண்டும் என்று சொன்னவர் இயேசுவே. எனக்குத் தெரிந்த ஒரு பாஸ்டர் சபை வானில் மாதாமாதம் நாலைந்து பேரை ஏற்றிக்கொண்டு வந்து, அவர்கள் முடிக்கும்வரை வெளியே வாங்கில் உட்கார்ந்திருப்பார். அவர் செய்கிற பிரசங்கத்தை நான் கேட்டதில்லை, கேட்கத் தேவையும் இல்லை.

மலை விஷயத்தில் விசுவாசம் காட்டாதீர்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சிவப்பு எச்சரிக்கை விட்டால் இறங்கிப் போக வேண்டும். நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வருகிற ஊற்று, இவற்றைக் கண்டால் எச்சரிக்கைக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம். '91ஆம் சங்கீதம் இருக்கிறது, எங்களுக்கு ஒன்றும் ஆகாது' என்று காம்பராவுக்குள் இருந்தவர்களை எனக்குத் தெரியும். அந்தச் சங்கீதத்தைச் சொல்லித்தான் பிசாசு இயேசுவைத் தேவாலயத்து உச்சியிலிருந்து குதிக்கச் சொன்னான். மத்தேயு 4. அவர் குதிக்கவில்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, மலைக்கு வேலைக்குப் போக முடியவில்லை, பிள்ளை முகத்தைப் பார்க்கவும் பிடிக்கவில்லை என்றால் வாருங்கள். சாவைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு வாரமெல்லாம் வேண்டாம், அன்றைக்கே கூட்டி வாருங்கள். புல்லுக்கு அடிக்கிற மருந்தை வீட்டில் வைக்காதீர்கள், வைத்தால் பூட்டி வையுங்கள். 1990களின் நடுவில் உலகிலேயே தற்கொலை மிக அதிகமான நாடுகளில் ஒன்றாக இருந்தது இலங்கை. கொடிய பூச்சிகொல்லிகளைத் தடை செய்த பிறகு அது பெருமளவு குறைந்தது. கைக்கு எட்டாத இடத்தில் இருப்பது அவ்வளவு பெரிய காரியம். யாராவது குடித்துவிட்டால் பொலிஸுக்குப் பயந்து ஒளிக்காதீர்கள். தற்கொலை முயற்சி 1998இலிருந்து இங்கே குற்றம் அல்ல. 1990க்கு அடித்தால் அம்பியூலன்ஸ் வரும். பேச ஆள் வேண்டும் என்றால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926, தமிழிலும் பேசலாம், காசு இல்லை.

அந்த அக்காவிடம் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தேன். வெறும் வரியை நிரப்பச் சொல்லவில்லை. 88ஐ எழுதிப் பார்க்கிறேன் என்று அவராகத்தான் சொன்னார். டின்னில் இருந்த மாத்திரைகளை மருந்தாளர் திகதி பார்த்து, வைத்தியர் புதிதாக எழுதிக் கொடுத்தார். அடுத்த கிளினிக் இன்னும் இரண்டு வாரத்தில். முதல் பஸ்ஸில் வருகிற அக்கா வெறும் வயிற்றோடு வந்து வரிசையில் மயங்கப் பார்த்தார். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன், வரும்போது ரெண்டு ரொட்டி கட்டிக்கொண்டு வாருங்கள்.