வந்த வழியே திரும்பும் ஒளி

இரவில் வண்டியின் முகப்பு விளக்கு பட்டதும் சாலைப் பலகை பளீரென்று ஒளிர்கிறதே, அதற்குள் மின்விளக்கு இருக்கிறதா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. அதன்மேல் ஒட்டியிருப்பது 'ரெட்ரோரிஃப்ளெக்டிவ்' தாள். ஒளி எந்தத் திசையிலிருந்து வந்ததோ அந்தத் திசைக்கே அதைத் திருப்பி அனுப்பும் பொருள்களையே அப்படி அழைக்கிறோம். வெறும் பளபளப்பு வேறு, இது வேறு. சுவர் ஒளியை நாலாபுறமும் சிதறடிக்கும். சாய்வாக வைத்த கண்ணாடி வேறு பக்கம் அனுப்பிவிடும். இரண்டாலும் ஓட்டுநருக்குப் பெரிய பயன் இல்லை.

இதைச் செய்ய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நுண்ணிய கண்ணாடி மணிகள்: மணியின் முன்பக்கம் ஒளியைக் குவிக்க, பின்பக்கம் எதிரொளிக்கும். மற்றதுதான் எனக்கு மிகப் பிடித்தது.

மூன்று கண்ணாடிகளை ஒன்றுக்கொன்று செங்குத்தாக, அறையின் மூலைபோலப் பொருத்துங்கள். ஒளிக்கதிரின் திசையை இடவலம், மேல்கீழ், முன்பின் என மூன்று கூறுகளாகப் பிரிக்கலாம் அல்லவா? ஒவ்வொரு கண்ணாடியும் தனக்குச் செங்குத்தான கூறை மட்டும் எதிராகத் திருப்பும். மற்ற இரண்டையும் தொடாது. மூன்றிலும் பட்டு வெளியேறும் கதிரில் மூன்று கூறுகளுமே திரும்பியிருக்கும். அப்படியானால் அது போவது வந்த திசைக்கு நேர் எதிர்த்திசை! எந்தக் கோணத்தில் நுழைந்தது, எந்தக் கண்ணாடியில் முதலில் பட்டது என்பதெல்லாம் பொருட்டே இல்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்த மூலையைப் பாருங்கள். திறந்த கண்ணின் பாவை சரியாக மூலைப்புள்ளியில் தெரியும். தலையை எப்படி அசைத்தாலும் அங்கிருந்து நகராது. சைக்கிளின் பின்புறச் சிவப்பு வில்லையை உற்றுப் பார்த்தால், இப்படிப்பட்ட குட்டி மூலைகள் வரிசை வரிசையாகத் தெரியும்.

இதில் ஒரு நுணுக்கம். ஒளி அச்சுப் பிசகாமல் திரும்பினால் முகப்பு விளக்குக்கே போய்ச் சேரும். அதற்குச் சற்று மேலே இருக்கும் ஓட்டுநரின் கண்ணுக்கு எட்டாது. ஆகவே சாலைப் பலகைகளில் திரும்பும் ஒளி கொஞ்சம் விரியும்படி வேண்டுமென்றே செய்கிறார்கள்.

1969இல் அப்போலோ 11 வீரர்கள் நிலவில் வைத்த பலகையில் இத்தகைய மூலை வடிவில் செதுக்கிய 100 கண்ணாடிப் பட்டகங்கள் இருக்கின்றன. பூமியிலிருந்து அனுப்பும் லேசர் சுமார் இரண்டரை விநாடியில் திரும்பி வருகிறது. நிலவு ஆண்டுக்கு ஏறத்தாழ 3.8 செ.மீ. விலகிப் போவதை இப்படித்தான் அளந்தார்கள். அந்தப் பலகைக்கு மின்சாரம் வேண்டாம், பழுதுபார்க்க ஆளும் வேண்டாம். அரை நூற்றாண்டு கடந்தும் பயன்படுகிறது. ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குவோர் கருவியின் பகட்டைப் பார்க்காமல், அது எத்தனை காலம் தரவு தரும் என்று பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சந்திரயான் 3இன் விக்ரம் தரையிறங்கு கலத்திலும் நாசா தந்த சிறு எதிரொளிப்பான் ஒன்று உண்டு. கலம் செயலிழந்த பிறகு, 2023 டிசம்பரில் நிலவைச் சுற்றும் எல்ஆர்ஓ விண்கலம் அதன்மேல் லேசரைப் பாய்ச்சி, திரும்பி வந்த ஒளியைப் பதிவு செய்தது. தென்துருவத்தை நோக்கிச் செல்லும் கலங்களுக்கு அது இனி ஓர் அடையாளப் புள்ளி.