சாக்கெட் – பொருத்துவாய்

சாக்கெட் என்றதும் சுவரில் பிளக் செருகும் துளைதான் நினைவுக்கு வரும். சொல்லின் வேரோ வயலில் இருக்கிறது. பழைய பிரெஞ்சில் 'சொக்' என்றால் ஏர்க்கொழு. அதன் குறுமை வடிவம், கொழு போன்ற ஈட்டிமுனைக்குப் பெயராகி, பிறகு எதையும் ஏற்றுப் பிடிக்கும் குழியைக் குறித்தது. இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் 1971-இல் அந்தச் சொல்லைப் பிணையத்துக்கு வரையறுத்தது. 1983-இல் வந்த 4.2 பிஎஸ்டி என்ற யுனிக்ஸ் இயங்குதளம், நிரல்கள் பிணையத்தில் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் வாயாக அதை நிரலர் கையில் கொடுத்தது.

தமிழில் 'பொருத்துவாய்' நல்ல சொல். ஆனால் அதன் முற்பாதியான 'பொருத்து', இணைப்பு ஏற்படுத்திப் பேசும் டிசிபி நெறிமுறைக்கே பொருந்தும். அங்கே ஒவ்வொரு கிளையன்டுக்கும் தனிச் சாக்கெட். பிழை வந்தால் அதை மட்டும் மூடினால் போதும். யூடிபி இணைப்பிலா நெறிமுறை. அதில் யாரும் யாரோடும் பொருந்துவதில்லை. மடைவாய் போல எல்லாருக்கும் ஒரே வாய். ஒருவரால் வந்த பிழைக்காக அதை மூடினால் மற்ற அனைவருக்கும் சர்வர் போய்விடும்.

விண்டோஸில் யூடிபி சர்வர் எழுதுவோரை அடிக்கடி இடறவைப்பது 10054 என்ற பிழை எண். சர்வர் பதில் அனுப்புகிறது. கிளையன்ட் அதற்குள் மூடியிருக்கிறது. 'அந்த போர்ட்டில் யாரும் இல்லை' என்று, பிணையப் பிழைகளை அறிவிக்கும் ஐசிஎம்பி நெறிமுறையின் செய்தி திரும்புகிறது. அனுப்பிய அழைப்பு எப்போதோ வெற்றியென்று முடிந்துவிட்டதால், பழி, தரவைப் பெறும் அழைப்பான அடுத்த ரெக்வ்ஃப்ரம் மீது விழுகிறது. 'எதிர்முனை இணைப்பை முறித்தது' என்பது 10054-இன் பொருள். இல்லாத இணைப்பை எப்படி முறிப்பது? பதிவுசெய்துவிட்டு மீண்டும் ரெக்வ்ஃப்ரம் அழைத்தால் போதும். இந்தப் பிழையே வேண்டாமென்றால் டபிள்யூஎஸ்ஏஐஆக்டில் என்ற விண்டோஸ் அழைப்பு வழியாக எஸ்ஐஓ_யூடிபி_கான்ரீசெட் என்ற அமைப்பை அணைக்கலாம். லினக்ஸில், கனெக்ட் அழைப்பால் ஒரே முகவரியோடு கட்டிவைக்காத யூடிபி சாக்கெட் இதை இயல்பாகச் சொல்வதே இல்லை. கனெக்ட் செய்திருந்தால் 111 என்ற பிழை எண் வரும்.

10040 என்ற பிழை எண் என்றால், வந்த டேட்டாகிராம், அதாவது யூடிபியின் தனித் தரவுப் பொட்டலம், அதைப் பெற ஒதுக்கிய பஃபரைவிடப் பெரிது, மிச்சம் தொலைந்தது. லினக்ஸ் சத்தமில்லாமல் வெட்டிவிடும், எம்எஸ்ஜி_ட்ரங்க் கொடியைப் பார்த்தால்தான் தெரியும். ஐபிவி4-இல் யூடிபி சுமக்கும் தரவின் உச்சம் 65,507 பைட். பஃபரை அந்த அளவுக்கே வைத்துவிடலாம்.

ரெக்வ்ஃப்ரம் பூஜ்யத்தைத் திருப்பினால் பிழையே இல்லை. டிசிபியில் அது இணைப்பின் முடிவு. இங்கே தரவில்லாத வெற்று டேட்டாகிராம்.

தரவைப் பெறும் லூப்பை விட்டு உண்மையில் வெளியேற வேண்டியது 10038 என்ற பிழை வரும்போது, லினக்ஸில் 9. அப்போது வாயே, அதாவது சாக்கெட்டே, இல்லை. விடாமல் சுற்றினால் ஒரு சிபியு கோர் முழுவதையும் அந்த லூப் தின்னும்.