கேசட்: நாடா இல்லாத பெட்டிக்கு வந்த பெயர்

"மாமா, இதில் நாடாவே இல்லையே, ஏன் கேசட் என்கிறீர்கள்?" என்று கேட்டான் அக்கா மகன். ராயபுரத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் பழைய வீடியோ கேம் கேசட் ஒன்றைப் பிரித்து வைத்திருந்தேன். மஞ்சள் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு பச்சை அட்டை. அதன் நடுவில் தார் சொட்டியதுபோல் ஒரு கறுப்புப் பொட்டு. விளிம்பில் பக்கத்துக்கு முப்பதாக அறுபது செப்புப் பற்கள். சுற்றுவதற்கு ஒரு சக்கரம்கூடக் கிடையாது. பையன் கேட்டது நியாயம்தான்.

ஆனால் எங்கள் பக்கத்தில் அதற்கு வேறு பெயரே இருந்ததில்லை. பர்மா பஜாரில் விலை பேசும்போதும் கேசட், வண்ணாரப்பேட்டையில் நண்பனிடம் இரண்டு நாள் இரவல் வாங்கும்போதும் கேசட். கார்ட்ரிட்ஜ் என்று கேட்டிருந்தால் பிரின்டர் மையைத்தான் எடுத்துக் காட்டியிருப்பார்கள்.

கேசட் பிரெஞ்சுச் சொல். பொருள், சிறு பெட்டி. அதற்கும் பின்னால் 'காப்சா' என்ற லத்தீன் சொல் இருக்கிறது, அதுவும் பெட்டிதான். மருந்துக்கடையில் வாங்கும் கேப்சூல், மூக்குக்கண்ணாடி வைக்கும் கேஸ், பணப்பெட்டியைக் குறித்துப் பின் பணத்தையே குறிக்கத் தொடங்கிய கேஷ் எல்லாம் ஒரே குடும்பம். இங்கே ஒரு எச்சரிக்கை. ஆங்கிலத்தில் கேஷ் என்று இரண்டு சொற்கள் உண்டு. இரண்டாவது, கீழை நாடுகளின் சில்லறை நாணயத்துக்கு ஐரோப்பியர் வழங்கிய பெயர். அது நம் 'காசு'. போர்த்துகீசியர் வாயில் 'காய்ஷா' ஆகி ஆங்கிலத்துக்குப் போனது. ஒலி ஒன்று, குலம் வேறு. இதை வைத்துக்கொண்டு கேசட்டும் தமிழ்தான் என்று கிளம்பிவிடக் கூடாது.

ஆக, நாடா அந்தப் பெட்டிக்குள் பின்னால் குடிவந்த விருந்தாளி. 1963-இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் காட்டிய சிறு பெட்டிக்குள் 3.81 மில்லிமீட்டர் அகல நாடா ஓடியது. உலகம் முழுக்கப் பெயர் அதோடு ஒட்டிக்கொண்டது. 1982-இல் வந்த ஸ்பெக்ட்ரம் போன்ற வீட்டுக் கணினிகள் விளையாட்டுகளையும் அதே பாட்டுக் கேசட்டில்தான் சேமித்தன. டேப் ரெக்கார்டரை ஓடவிட்டுக் கீச்சென்ற இரைச்சலைச் சில நிமிடம் பொறுத்துக்கொண்டால் ஆட்டம் கணினிக்குள் ஏறும்.

நாடாவே இல்லாத, சில்லு மட்டும் கொண்ட விளையாட்டுப் பெட்டி 1976-இல் ஃபேர்சைல்டு நிறுவனத்தின் சேனல் எஃப் கருவியோடு வந்தது. அதை உருவாக்கிய அணிக்குத் தலைமை தாங்கியவர் ஜெர்ரி லாசன் என்ற கறுப்பின அமெரிக்கப் பொறியாளர். ஆங்கிலத்தில் இவ்வகைப் பெட்டிக்கு நிலைத்த பெயரான கார்ட்ரிட்ஜ், காகிதத்திலிருந்து பிறந்தது. வெடிமருந்தைக் காகிதச் சுருளில் பொதிந்த காலத்துச் சொல் அது. கார்டு, சார்ட், அட்டைப்பெட்டியைக் குறிக்கும் கார்ட்டன் எல்லாம் அதன் உறவு. துப்பாக்கிக்குப் போடும்போது நாம் தோட்டா என்கிறோம்.

1983-இல் ஜப்பானில் வந்த, நின்டெண்டோவின் ஃபேமிகாம் என்ற வீடியோ கேம் கருவியின் நகல்களே நம் வீடுகளுக்கு வந்தவை. என் கையில் இருந்த அறுபது பல் பெட்டியும் அந்த அளவுதான். அதை ஜப்பானியர் எப்படி அழைத்தார்கள் தெரியுமா? 'கசெட்டோ'. பொருளை உருவாக்கிய ஊரிலேயே அதுதான் பெயர் என்னும்போது, பர்மா பஜார் வழக்கைப் பிழை என்று திருத்த வருபவர்களுக்கு என்னிடம் மரியாதை இல்லை.

தமிழில் என்ன சொல்லலாம்? ஒலிநாடா பாட்டுக் கேசட்டுக்குச் சரி, இதற்கு உதவாது. பொதியுறை என்று கலைச்சொல் பட்டியல்களில் பார்க்கலாம். குற்றமில்லை, ஆனால் தலையணை நினைவுதான் வருகிறது. பேழை அழகான சொல். ஆனால் நோவாவின் பேழையைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அது கொஞ்சம் பெரிது.

என் தேர்வு, செப்பு. மூடியோடு கூடிய சிறு பெட்டிக்குப் பழைய பெயர் அது. குழந்தைகள் சமைத்து விளையாடும் சொப்புச் சாமானும் அதே சொல்தான். போதாததற்கு, அந்தப் பற்களின் உலோகமும் செப்பு. பெட்டி, பொம்மை, உலோகம் மூன்றும் ஒரே சொல்லில் கிடைக்கும்போது வேறெங்கு போய்த் தேடுவது?

இன்னொரு சான்றும் உண்டு. வெளியே ஒட்டியிருந்தும் உள்ளே ஒட்டாத உறவை 887-ஆம் குறள் 'செப்பின் புணர்ச்சி' என்கிறது. கேசட் செருகியவர்களுக்கு இந்த வலி தெரியும். பெட்டி கச்சிதமாக உட்கார்ந்திருக்கும். திரையில் வெறும் சாம்பல் நிறம். பல்லும் பல்லும் தொடவில்லை. உடனே எடுத்து ஊதுவோம். பலன் தந்தது ஊதல் அன்று, மறுபடி செருகியதுதான். மூச்சின் ஈரம் செப்பில் களிம்பைத்தான் வளர்க்கும். ராயபுரத்தின் உப்புக் காற்று ஏற்கெனவே அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

பையனிடம் ரப்பரைக் கொடுத்துப் பற்களை மெல்லத் தேய்க்கச் சொன்னேன். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தோம். பிளாஸ்டிக் ஓட்டினை மூடிச் செருகியதும் இரண்டாம் முறை திரையில் பட்டியல் வந்தது. அவன் படிக்கட்டுக்கு ஓடிக் கீழே குரல் கொடுத்தான்: "பாட்டி, செப்பு வேலை செய்கிறது!"

"சொப்பா? அதைத்தான் போன பொங்கலுக்கே எதிர்வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டேனே," என்றார் அம்மா.