டிரை ஃபயர்: பொருளும் தமிழ்ச் சொல்லும்

துப்பாக்கி சுடும் பயிற்சியில் புதிதாகச் சேர்பவர்கள் சீக்கிரமே கேட்கும் சொல் 'டிரை'. முழுப் பெயர் டிரை ஃபயர் (dry fire). நம் ஊர்ப் பக்கம் டிரை பிராக்டிஸ் என்றும் சொல்வார்கள். கைத்துப்பாக்கியை உயர்த்தி, மூச்சை அடக்கி, குறி பார்த்து, விசையை அழுத்துவது வரை எல்லாம் நிஜம் போலவே நடக்கும். ஆனால் எதுவும் வெடிக்காது, எதுவும் பாயாது.

'ஃபயர்' என்ற பாதியில் சிக்கல் இல்லை. பழைய துப்பாக்கிகளில் மருந்துக்கு நெருப்பு வைத்துத்தான் சுட்டார்கள். ஆங்கிலத்தில் நெருப்பின் பெயரே வினையானது. தமிழிலும் நெருப்பு செய்யும் வேலையான 'சுடு' என்பதே துப்பாக்கிக்கும் வந்து சேர்ந்தது.

குழப்பம் 'டிரை'யில்தான். ஈரமின்மை என்ற பொருள் இங்கே பொருந்தாது. ஒரு செயலை அதன் முக்கியப் பொருள் இல்லாமல் செய்து பார்ப்பதற்கும் ஆங்கிலத்தில் இந்தச் சொல் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கத் தீயணைப்புப் படையினர் தண்ணீர் பாய்ச்சாமல் ஓடிக் காட்டிய ஒத்திகைக்கு 'டிரை ரன்' என்று பெயர். ஜெர்மானியர்களும் இப்பயிற்சியை 'ட்ரோக்கன் ட்ரெய்னிங்' என்கிறார்கள். அங்கேயும் உலர்ந்தது என்ற அதே சொல்தான்.

சரி, துல்லியமான பொருள் என்ன? சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பின் விதிநூல் இரண்டு வகை சொல்கிறது. தோட்டா போடும் துப்பாக்கியாக இருந்தால், தோட்டா இல்லாமல் விசையை விடுவிப்பது. காற்றுத் துப்பாக்கியாக இருந்தால், காற்று வெளியேறாமல் விசை மட்டும் இயங்கும்படி வைத்திருக்கும் அமைப்பைக் கொண்டு விசையை விடுவிப்பது. இந்த இரண்டாம் பகுதியைக் கவனிக்க வேண்டும். தகுதிச் சுற்றில் முதல் போட்டிச் சுடுதல் முடிந்த பிறகு, குண்டு போட மறந்து காற்றை மட்டும் வெளியேற்றினால் அது பூஜ்யம். காற்று வெளியேறாத டிரை ஃபயருக்கு அங்கே அனுமதி உண்டு. ஆகவே 'குண்டில்லாச் சுடுதல்' என்று மொழிபெயர்த்தால், பூஜ்யம் வாங்கித் தரும் தவறுக்கும் பயிற்சிக்கும் ஒரே பெயர் வைத்ததாகிவிடும்.

'வெற்று வேட்டு' இன்னும் மோசம். வேட்டு என்றாலே சத்தம். அது மருந்து மட்டும் வெடிக்கும் பிளாங்க் தோட்டாவுக்கு உரியது. பேச்சில் வெத்துவேட்டு என்பது வசவு வேறு. 'உலர் சுடுதல்' அப்படியே பெயர்த்தது. ஆங்கிலம் தெரியாதவருக்கு ஒன்றும் புரியாது. 'வறட்டு' என்றால் வறட்டு இருமலும் வறட்டு வாதமும்தான் நினைவுக்கு வரும்.

என் தேர்வு 'வெறுவிசைப் பயிற்சி'. வெறுங்கை, வெறும் வயிறு என்பதில் வரும் அதே 'வெறு'. விசை மட்டுமே வேலை செய்கிறது என்பதை இது நேராகச் சொல்கிறது. விதிநூலின் இரண்டு வகைக்கும் பொருந்துகிறது. துப்பாக்கி விசைக்குக் குதிரை என்ற பழைய பெயரும் உண்டு. ஆனால் இன்றைய செய்தித்தாள் வாசகருக்குப் பழகியது விசைதான்.

இந்தப் பெயரை நான் வலியுறுத்தக் காரணம், பயிற்சியின் உயிர் விசையில் இருப்பதுதான். 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ. குறி பார்க்கத் துப்பாக்கியின் மேல் முன்னும் பின்னும் இருக்கும் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே சுமார் 32 செ.மீ. இருக்கும். விசையை வெடுக்கென்று இழுத்து முன்குறி 1 மி.மீ. விலகினால், இலக்கில் விலகல் சுமார் 31 மி.மீ. பத்து எடுக்க வேண்டிய இடத்தில் ஏழுதான் கிடைக்கும். நிஜமாகச் சுடும்போது அதிர்வும் சத்தமும் இந்த அசைவை மறைத்துவிடும், கண்ணும் துளையைத் தேடி ஓடிவிடும். வெறுவிசையில் மறைக்க எதுவும் இல்லை. 'டிக்' என்ற கணத்தில் முன்குறி எந்தப் பக்கம் துள்ளியது என்பது அப்படியே தெரியும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 0.1 புள்ளி வித்தியாசத்தில்தான் கடைசி இருவரில் ஒருவராகும் வாய்ப்பை இழந்து வெண்கலம் பெற்றார். அந்த அளவு நுணுக்கம் இங்கே வேண்டியிருக்கிறது.

கற்க விரும்புபவர் ஆங்கிலத்தில் தேடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிரை ஃபயர் என்று தேடினால் பெரும்பாலும் ஐபிஎஸ்சி எனும் வேகச் சுடுதல் வகைப் போட்டிக்கான பாடங்களே வரும்: உறையிலிருந்து உருவுவது, மேகசின் எனும் தோட்டாப் பெட்டியை மாற்றுவது, டைமர் ஒலிக்குள் முடிப்பது. நின்றபடி ஒற்றைக் கையால் சுடும் ஒலிம்பிக் வகைக்கு அவை அதிகம் உதவாது. ஏர் பிஸ்டல் என்ற சொல்லையும் சேர்த்துத் தேடுங்கள். ஆரம்பத்தில் ஒரு வெள்ளைச் சுவரே நல்ல பாடம். இலக்கு இல்லாததால் கண் முன்குறியிலேயே நிற்கும். அப்புறம் வசதி இருந்தால் ஸ்காட் போன்ற கருவி. குழலில் மாட்டும் அதன் உணரி, விசை விடுபடும் முன்னும் பின்னும் குறி அலைந்த தடத்தைத் திரையில் கோடாகக் காட்டும்.

தோட்டாத் துப்பாக்கி வைத்திருப்பவர் தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, துப்பாக்கியில் தோட்டா உட்காரும் இடத்தைத் திறந்து இரண்டு முறை பார்த்த பிறகே தொடங்க வேண்டும். .22 வகையில் தோட்டாவின் விளிம்பைத் தட்டும் ஊசி, தோட்டா இல்லாதபோது உலோகத்திலேயே மோதிச் சேதப்படுத்தக்கூடும். அதனால் ஸ்னாப் கேப் எனும் போலித் தோட்டாவைப் போட்டே பழகுவது நல்லது.